காவல் நிலையத்தில் உன் அத்தையின் ரசச் சொம்பு

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.

அமெரிக்க தேசத்தில் மிசௌரி மாநிலத்தில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் துப்பாக்கியோடும் சௌக்கியமாக வாழும் அன்பு மருமகன் திலீப்புக்கு, உன் மாமா வேலாயுதம் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டும் போன வாரத்திலிருந்து நலம். அங்கு நீயும் சுஷ்மிதாவும் குழந்தையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உன் அத்தையும் நலமாகத்தான் இருப்பாள். இந்தக் கடிதத்தை நீ சரியாகக் கையாண்டால் தொடர்ந்தும் அப்படியே இருப்பாள்.

மேற்கொண்டு படிக்கும் முன் எழுந்து உன் கார் ஷெட்டுக்குப் போ. துப்பாக்கிக்குக் குண்டு வார்க்க நீ அடுப்பு வைத்திருக்கிறாயே, அந்த மூலையில் நின்று படி. அங்கே நாற்றம் தாங்கவில்லை, கால் வைக்கமாட்டேன் என்று உன் அத்தையே சொல்லியிருக்கிறாள். போய்விட்டாயா? சரி. விஷயம் இதுதான். உன் அத்தை சந்திரமதியின் ஈயச் சொம்பு, கும்பகோணத்தில் வாங்கிய ரசச் சொம்பு, இப்போது சாங்கிப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் இருக்கிறது. சொம்பாக இல்லை. இருபத்து மூன்று துப்பாக்கிக் குண்டுகளாக இருக்கிறது. அவள் அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்புகிறாள். அதற்குள் நீ இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். ஏன் நீ சொல்ல வேண்டும் என்று கேட்பாய். நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய், அவளும் அங்கே இருக்கிறாள் என்பது முதல் காரணம். இதெல்லாம் உன்னால் வந்தது என்பது இரண்டாவது காரணம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தை பிறந்ததிலிருந்து உன் ஃபோன் உன் அத்தையின் கையில்தான் இருக்கிறது. காலையில் குழந்தை கொட்டாவி விட்ட படம், மத்தியானம் அதே கொட்டாவி வேறு பக்கத்திலிருந்து என்று அனுப்பிக்கொண்டிருக்கிறாள். உனக்கு நான் எதை அனுப்பினாலும் முதலில் பார்ப்பவள் அவள். அதனால்தான் காகிதமும் பேனாவும். தவிர, கடிதம் எழுதினால் நீ மதித்துப் பதில் எழுதுகிறாய். குழந்தை பிறந்தபோது நான் எழுதிய வாழ்த்துக்கு நீ போட்ட பதிலைப் புளோக்கில் நாலு பேரிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் என்றால் வயிற்றுவலி வரும் பிள்ளை, இன்று ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுகிறான் என்று பெருமையாக இருந்தது. கையெழுத்துகூட உன் அத்தையின் கையெழுத்து மாதிரியே இருந்தது. அவள் உன் அப்பாவின் உடன்பிறந்தவள் ஆயிற்றே, உங்கள் வம்சத்து எழுத்து போலிருக்கிறது.

நீ போன டிசம்பரில் வந்தபோது எனக்கு ஒரு அச்சு கொடுத்தாய். மரக் கைப்பிடி போட்ட, இடுக்கி மாதிரி திறந்து மூடும், இரண்டு குழி உள்ள பழைய அச்சு. "தூண்டிலுக்கு ஈயம் வாங்கிக்கிட்டே இருக்கீங்களே மாமா, நீங்களே வார்த்துக்குங்க. ஷேப் கொஞ்சம் புல்லட் மாதிரி இருக்கும், மீனுக்குத் தெரியாது" என்றாய். மீனுக்குத் தெரியவில்லை என்பது உண்மைதான். மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

உன் துப்பாக்கியைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டர் என்ஜினியர் ஒருவன், துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் மேலே தொலைநோக்கியும் வைத்த புத்தம்புது துப்பாக்கியை வாங்கி, அதன் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் குச்சியால் குத்தி இறக்கி, ஒரு தடவை சுட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான் என்றால், அது அவன் இஷ்டம். கடையில் விற்கும் குண்டு ஆகாது, சுத்தமான மெத்தென்ற ஈயத்தில் என் கையால் வார்த்ததுதான் குழாய்க்குள் வெட்டிய வரிப்பள்ளத்தைக் கவ்வும் என்று நீ விளக்கியதும் எனக்குப் புரிந்தது. மூன்று வேட்டை சீசனாக ஒரு மான்கூட விழவில்லை என்பதுதான் புரியவில்லை. அந்தக் காட்டு மான்களுக்கு நீ பழகிப்போயிருப்பாய் என்று நினைக்கிறேன். நீ குச்சியால் குத்திக்கொண்டிருக்கும்போது அவை சுற்றி நின்று வேடிக்கை பார்க்கின்றனவோ என்னவோ.

அது கிடக்கட்டும். உன் அத்தை விமானம் ஏறிய பிறகு வீட்டில் எனக்கு வேலை இல்லை. எதிர் வீட்டு முகமது இஸ்மாயிலுக்கும் வேலை இல்லை. தேக்கா சந்தையில் பெட்டிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், என் மீன்பிடிக் கூட்டாளி, உனக்குத் தெரியும். அவர் பரண் மேலே, எப்போதோ கடலில் முக்குளிக்கப் போன காலத்து இடுப்புப் பட்டையும், ஆளை ஆழத்துக்கு இறக்க அதில் கோத்த ஈயக் கட்டிகளும் கிடந்தன. "அச்சு உன்கிட்ட, ஈயம் என்கிட்ட. என்னா வேலு, வார்த்துருவமா?" என்றார். வார்த்துவிடலாம் என்றேன். நீ குரல் பதிவாக அனுப்பிய விதிகளை இரண்டு தடவை போட்டுக் கேட்டோம். சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது. வீட்டுக்குள்ளே உருக்கக்கூடாது. புகையை மூக்கில் விடக்கூடாது. தண்ணீர் ஒரு சொட்டு விழக்கூடாது, விழுந்தால் ஈயம் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கை. இதில் எதையும் நாங்கள் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள். காவல் நிலையத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் உருக்கக்கூடாது, புளோக்கின் நடைபாதையில் அடுப்பு வைக்க நகராண்மைக் கழகம் விடாது. வேறு எங்கே நெருப்பு மூட்ட இந்த ஊரில் அனுமதி உண்டு? இஸ்மாயில் பாய்தான் யோசித்துச் சொன்னார்: சாங்கிக் கடற்கரையில் பார்பிக்யூ அடுப்பு. முறையாகப் பதிவு செய்து, பணம் கட்டி, தேக்காவில் இதற்கென்றே ஒரு இரும்புச் சட்டி வாங்கி, பஸ் ஏறிப் போனோம். பக்கத்து அடுப்பில் ஒரு சீனக் குடும்பம் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர்கள் கோழி இறக்கையைச் சுட்டார்கள், நாங்கள் ஈயத்தைச் சுட்டோம். எங்களைப் பார்த்து ஒரு பாட்டி, "நீங்க சைவமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

உருகிய ஈயத்தில் மெழுகுத் துண்டு போட்டுக் கிளறினால் கசடு மேலே வரும் என்று சொல்லியிருந்தாய். மெழுகு கொண்டுபோக மறந்துவிட்டேன். பையில் கற்பூரம் இருந்தது. அதைப் போட்டேன். முழங்கை உயரத்துக்குக் குப்பென்று எரிந்தது. "என்னா வேலு, ஆரத்தி எடுக்கிறியா?" என்று கத்தியபடி இஸ்மாயில் பாய் பின்னால் போனார். பக்கத்து அடுப்பில் பூஜை நடக்கிறது என்று நினைத்து அந்தக் குடும்பம் மரியாதையாகப் பாட்டை நிறுத்திவிட்டது. நல்ல ஜனங்கள். பிறகு கேக்கிலிருந்த மெழுகுவர்த்திகளையும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

வார்த்த முதல் குண்டுகள் எல்லாம் சுருங்கிப்போய் இருந்தன, வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் மாதிரி. உனக்குப் படம் அனுப்பினேன், நல்லவேளை அப்போது ஃபோன் உன்னிடம் இருந்தது. அச்சு சூடு போதவில்லை என்றாய், இன்னும் சூடாக்கினோம். மெழுகுவர்த்திப் புகையை அச்சின் குழிக்குள் காட்டச் சொன்னாய், காட்டினோம். அப்படியும் சுருக்கம் போகவில்லை. கடைசியில் நீ ஒன்று சொன்னாய். திலீப், அந்த ஒன்றை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். "துப்பாக்கிக்குன்னா சேர்க்கக்கூடாது மாமா, ஈயம் கெட்டியாயிடும். உங்களுக்குத் தூண்டிலுக்குத்தானே? கொஞ்சூண்டு வெள்ளீயம் போடுங்க. அச்சுல நல்லா ஓடும், பளபளன்னு வரும்" என்றாய். வெள்ளீயம் எங்கே கிடைக்கும் என்றேன். பற்றவைக்கும் கம்பியில் இருக்கும், கடையில் வாங்குங்கள் என்றாய். நீ சரியாகத்தான் சொன்னாய், நான் மறுக்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது இஸ்மாயில் பாய் கேட்டார், "வெள்ளீயம்னா இந்த ரசம் வெக்கிற சொம்பு செய்வாங்களே, அதுதானே?"

"அதேதான் பாய்."

"உங்க வீட்ல இருக்குல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பஸ் நிறுத்தங்களை எண்ணத் தொடங்கினேன். சிமெய் நிறுத்தம் தாண்டியதும், "இருக்கு" என்றேன்.

அந்தச் சொம்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்துக் கடையில் அது அசல் வெள்ளீயம்தானா என்று உன் அத்தை தட்டிப் பார்த்தாள், கடித்துப் பார்த்தாள், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் விலை பேசினாள். திருச்சியிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுத் தட்டை என் மடியில் வைத்தாள். வேறு பாத்திரத்தில் வைத்த ரசம் அவளுக்கு ரசமே இல்லை, மிளகுத் தண்ணீர். உன் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை இது: "என்னங்க, என்ன வேணா பண்ணிக்கோங்க, சொம்பை மட்டும் வெறுமனே அடுப்புல வெச்சிராதீங்க. உருகிடும்." அதன்படி நான் அந்தச் சொம்பை அடுப்பில் வைக்கவே இல்லை. ஈயத்தில்தான் வைத்தேன்.

முழுவதையும் வைக்கிற எண்ணம் இல்லை. ரசம் ஊற்றும் வாய்ப்பக்கம் விளிம்பு கொஞ்சம் கனமாக இருக்கும். அதில் நெல்லிக்காய் அளவு போதும். "லேசாத் தொட்டு எடு வேலு. பாக்க எங்கியோ இடிபட்ட மாதிரி இருக்கும்லா. வீட்டுச் சாமான் இடிபடாதா?" என்றார் பாய். மறு வாரம் அதே கடற்கரை, அதே அடுப்பு. ஈயம் கொதிக்கிறது. நான் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, சொம்பைத் தலைகீழாக இடுக்கியில் பிடித்து, விளிம்பை மட்டும் மெதுவாக இறக்குகிறேன். விளிம்பு வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடிக்கிறது. உன் அத்தை. வீடியோ.

எடுக்காமல் இருந்தால் எடுக்கும்வரை அடிப்பாள். ஒரு கையால் எடுத்து, கேமராவை வானத்துக்குக் காட்டினேன். மேலே ஒரு விமானம் போயிற்று.

"என்னங்க, எங்க இருக்கீங்க? முகத்தையே காணோம்."

"கடற்கரைல. காத்து வாங்க வந்தோம்."

"சாப்பிட்டீங்களா? ரசம் வெச்சீங்களா?"

"வெக்கப்போறேன்."

"என் சொம்புலதானே? தண்ணி ஊத்திட்டு அடுப்பைப் பத்த வைங்க. சொம்பு பத்திரமா இருக்கா?"

நான் சட்டியைத் திரும்பிப் பார்த்தேன். சொம்பு முழங்கால் மடித்து உட்கார்ந்துகொண்டிருந்தது. பார்க்கும்போதே தோள் இறங்கியது, இடுப்பு இறங்கியது, அடிப்பாகம் மட்டும் ஒரு நொடி தட்டு மாதிரி மிதந்தது, அதுவும் போயிற்று. இடுக்கி முனையில் ஒன்றுமே இல்லை. "இருக்கு, இங்கதான் இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. இஸ்மாயில் பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

உருகியதை என்ன செய்வது? வார்த்தோம். நீ சொன்னதுபோலவே பளபளவென்று வந்தது. சுருக்கமே இல்லை. உள்ளதைச் சொன்னால் இவ்வளவு அழகான குண்டுகளை நீயே வார்த்திருக்கமாட்டாய். மூக்குக் கூராக, இடுப்பில் வரி வரியாக, கண்ணாடியில் முகம் பார்க்கலாம். வளையம் மாட்டத் துளை போட வேண்டும், அதை வீட்டில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்தத் துளை இருந்திருந்தால் எங்களைக் காப்பாற்றியிருக்கும். இஸ்மாயில் பாய் கடை வைத்திருந்தவர், எந்தப் பொருளையும் வரிசையாக அடுக்காமல் அவரால் முடியாது. தோளில் கிடந்த குட்மார்னிங் துண்டை விரித்து, குண்டுகளை நேர் வரிசையில் நிமிர்த்தி நிறுத்தினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நீச்சல் கண்ணாடி போட்ட இரண்டு கிழவர்கள், துண்டு நிறையத் தோட்டாக்கள். அந்த வழியாக ஓட்டப்பயிற்சி செய்துகொண்டு போன ஒரு பெண்மணி, போகும்போது மெதுவாகப் போனார், திரும்பும்போது வேகமாகப் போனார்.

காவல்துறை வந்தது. மிக மரியாதையாக, மிக விரைவாக, நிறையப் பேராக வந்தது. எங்களிடம் பேசியவர் ஒரு தமிழ்ப் பெண், ரக்ஷனா என்று மார்பில் பெயர் போட்டிருந்தது, வயது முப்பதுக்குள் இருக்கும்.

"அங்கிள், இது புல்லட்தானே?"

"தூண்டில் ஈயம்மா."

"ஷேப் புல்லட்டா இருக்கே அங்கிள்."

"அச்சு அப்படிம்மா. அமெரிக்காலேர்ந்து என் மருமகன் கொடுத்தது."

"அவருக்கு எதுக்கு இந்த அச்சு?"

"மான் சுடறதுக்கு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். இஸ்மாயில் பாய் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "சுடறதில்லம்மா. சுடப் பாக்கிறாரு. மூணு வருஷமா ஒண்ணும் விழல. நல்ல பையன்லா."

எது யாருடைய பொருள் என்று ரக்ஷனா கேட்டார். நான் உள்ளபடி சொன்னேன்: கட்டி ஈயம் பாயுடையது, அச்சு மருமகனுடையது, பளபளப்பு என் மனைவியுடையது. "உங்க மனைவியோட புல்லட்டா?" என்று அதிர்ந்தார். "புல்லட் இல்லம்மா, ரசச் சொம்பு" என்று முழுக்கதையையும் சொன்னேன். உடன் இருந்த மலாய் அதிகாரி என்ன என்று கேட்க, ரக்ஷனா ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்க விளக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அங்கிள், ஆன்ட்டிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதும்மா."

"எங்க அம்மாகிட்டயும் ஒண்ணு இருக்கு அங்கிள். நான் எடுத்தாலே கத்துவாங்க. இந்த கேஸ நாங்க பாத்துக்குவோம். ஆன்ட்டிய நீங்கதான் பாத்துக்கணும்."

அன்று எங்களைப் பார்த்து இரக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

குண்டுகளையும் அச்சையும் சட்டியையும் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களையும் கூட்டிப்போய், விசாரித்து, தேநீர் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வெடிமருந்து இல்லை, துப்பாக்கி இல்லை, இரண்டு பேருக்கும் இரத்தக் கொதிப்பு மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். நேற்று ஃபோன் வந்தது. இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்தார்கள், ஒப்புக்கொண்டேன். அச்சு திரும்பி வராது, நீ மனசைத் தேற்றிக்கொள். ஆனால் குண்டுகளைத் தட்டி உருமாற்றித் திருப்பித் தருகிறார்களாம். எனக்கு மகிழ்ச்சி. நாளையே வருகிறேன் என்றேன். "நீங்க வந்தா கொடுக்க முடியாது சார். உரிமையாளர்னு சந்திரமதிங்கற பேர் இருக்கு. அவங்கதான் நேர்ல வந்து, பாத்து, தன்னோடதுதான்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும்" என்றார்கள். அச்சு இழந்தது நீ, ஈயம் இழந்தது பாய், என் வாயால் நான் இழந்தது என் நிம்மதி.

இப்போது நீ செய்ய வேண்டியது என்னவென்றால், குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிறகு, உன் அத்தை சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது, முதலில் பொதுவாகத் தொடங்கு. உலகத்தில் எதுவும் நிலையில்லை என்கிற மாதிரி. பிறகு உலோகங்களுக்கு வா. வெள்ளீயம் எவ்வளவு சீக்கிரம் உருகும் என்று உனக்கே தெரியும். கடைசியில் காவல் நிலையத்துக்கு வா. அதற்கு முன்னால் துப்பாக்கியைப் பூட்டி வை. நீ ஒரு குண்டு நிரப்ப ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறாய். உன் அத்தைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

குழந்தைக்கு நீண்ட ஆயுளும், அப்பாவுக்கு வாய்க்காத குறிபார்க்கும் திறமையும் முருகன் அருளட்டும். சுஷ்மிதாவுக்கு என் ஆசிகள். உனக்கு வரும் சீசனிலாவது ஒரு மான், கண்பார்வை மங்கிய மானாக இருந்தாலும் சரி, கிடைக்கட்டும். இஸ்மாயில் பாய் தம் சலாமைச் சொல்லச் சொன்னார்.

உன் நலம் விரும்பும், தன் நலத்தை உன் கையில் கொடுத்திருக்கும்,
மாமா வேலாயுதம்.

பின்குறிப்பு: கடிதத்தை இஸ்மாயில் பாயிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார், நன்றாக இருக்கிறது என்றார், உறையில் அஞ்சல் தலைகளை அவரே ஒட்டினார். ஒட்டி முடித்த பிறகு கேட்கிறார், "ஆமா, திலீப்புக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? சின்னப் பிள்ளைல எல்லாத்தையும் அவன் அத்தைதானே படிச்சுக் காட்டும்?" நான் உன் பழைய பதில் கடிதத்தை எடுத்து, மார்க்கெட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று உன் அத்தை எழுதிவைத்துப் போன சீட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது வம்சத்து எழுத்து இல்லை, உன் அத்தையின் எழுத்தேதான். சுஷ்மிதாவுக்கும் தமிழ் படிக்க வராது. அந்த வீட்டில் தமிழ் படிப்பது ஒரே ஓர் ஆள். அஞ்சல் தலையை வீணாக்க பாய் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

ஆகவே, சந்திரா. நீ இதுவரை உரக்க வாசித்திருப்பாய், திலீப் சிரித்துக்கொண்டிருப்பான். அவனை நிறுத்தச் சொல். நீ வந்திறங்கும் ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் விமான நிலையத்துக்கு வருகிறோம். அடையாள அட்டையைக் கைப்பையில் மேலாக வைத்துக்கொள். காவல் நிலையம் அங்கிருந்து பக்கம்தான். உன் சொம்பில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை, எடை போட்டுப் பார்த்துவிட்டார்கள். பாயின் ஈயம்தான் கொஞ்சம் கூட இருக்கிறது.